பேச்சுவார்த்தை நடுவில் லித்வினோவை மாற்றியது சரியா? 1939 மே 3 பற்றி ஒரு விவாதம்

குமரித்துறை:

நண்பர்களே, இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய கடைசி ஆறு மாதங்களைப் பற்றிக் கொஞ்ச நாளாக வாசித்து வருகிறேன். அதில் ஒரு தேதியைத் தாண்டிப் போகவே முடியவில்லை. 1939 மே 3. சோவியத் வெளியுறவு மக்கள் ஆணையர், அதாவது வெளியுறவு அமைச்சர், மக்சிம் லித்வினோவ் பதவியிலிருந்து எடுக்கப்பட்ட நாள். அந்த இடத்துக்கு மொலோடோவ் வந்தார். அவர் ஏற்கெனவே மக்கள் ஆணையர் மன்றத்தின் தலைவர், அதாவது பிரதமர் நிலையில் இருந்தவர்.

எந்த நேரத்தில் இது நடந்தது என்று பாருங்கள். மார்ச் 15 அன்று ஹிட்லரின் படை பிராகுக்குள் நுழைந்தது. மார்ச் 31 அன்று போலந்துக்கு பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லேன் உத்தரவாதம் கொடுத்தார். ஆனால் போலந்துக்கு உண்மையில் உதவ வேண்டுமானால் பக்கத்தில் இருக்கும் பெரிய படை சோவியத்தின் படைதான். ஏப்ரல் 17 அன்று லித்வினோவ் பிரிட்டிஷ் தூதர் வில்லியம் சீட்ஸிடம் ஒரு முழு யோசனையைக் கொடுத்தார்: பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் மூன்றும் 5 முதல் 10 ஆண்டுகளுக்குப் பரஸ்பர உதவி ஒப்பந்தம் செய்வது, பால்டிக் கடலுக்கும் கருங்கடலுக்கும் இடையே சோவியத்தை ஒட்டியுள்ள நாடுகளுக்கு உதவுவது, ராணுவப் பேச்சை உடனே தொடங்குவது, போர் வந்தால் யாரும் தனியாகச் சமாதானம் செய்துகொள்ளாமல் இருப்பது. அந்த ஆண்டில் யாரும் மேசைமீது வைத்தவற்றில் இதுதான் மிக முழுமையான திட்டம்.

அதற்கு லண்டனிலிருந்து பதில் வருவதற்குள், யோசனையைக் கொடுத்த மனிதரே போய்விட்டார். மே 1 அணிவகுப்பில் மேடையில் நின்றவர் அவர். அடுத்த ஓரிரு நாளில் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் சில வரிச் செய்தி, சொந்த வேண்டுகோளின்படி விலகினார் என்று.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டாலின் மனதில் என்ன இருந்தது என்பதைவிட, அந்த மாற்றத்தை மற்ற தலைநகரங்கள் எப்படிப் புரிந்துகொண்டன என்பதுதான் அந்த ஆண்டின் போக்கை மாற்றியது. காரணம் சொல்லாமல் ஒரு மூத்த ராஜதந்திரியை நடுவில் எடுத்தால் அந்தக் காரணத்தை ஒவ்வொருவரும் தாங்களே எழுதிக்கொள்வார்கள். பெர்லின் அதை அக்கறையாக எழுதியது. லண்டன் எழுதவே மெனக்கெடவில்லை. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செங்கதிர்:

தோழர், தேதி வரிசையை நன்றாக வைத்தீர்கள். ஆனால் பழியை மாஸ்கோவின் பக்கம் சாய்த்துவிட்டீர்கள் என்று தோன்றுகிறது.

லித்வினோவ் என்ற மனிதரே ஒரு கொள்கைதான். 1934 செப்டம்பரில் சோவியத் சர்வதேச சங்கத்தில் சேர்ந்தது, 1935 மே மாதம் பிரான்சுடனும் செக்கோஸ்லோவாக்கியாவுடனும் ஒப்பந்தம் செய்துகொண்டது, எல்லாம் அவர் உழைப்பு. சமாதானத்தைத் துண்டு போட முடியாது என்று மேடை மேடையாகச் சொன்னவர். அவருக்குக் கிடைத்த பரிசு என்ன? 1938 செப்டம்பரில் மியூனிக்கில் பிரிட்டனும் பிரான்சும் செக்கோஸ்லோவாக்கியாவை ஹிட்லருக்கு வெட்டிக் கொடுத்தார்கள். அந்த நாட்டோடு ஒப்பந்தம் வைத்திருந்த சோவியத்துக்கு அழைப்புகூட இல்லை.

அதற்குப் பிறகும் அவர் ஏப்ரல் 17 யோசனையைக் கொடுத்தார். லண்டன் மூன்று வாரம் எடுத்துக்கொண்டது, மே 8 அன்றுதான் பதில் வந்தது. பதிலில் ஒப்பந்தமே இல்லை. பிரிட்டனும் பிரான்சும் தங்கள் உத்தரவாதத்துக்காகப் போரில் இறங்கினால், கேட்கும்போது சோவியத் உதவும் என்று சோவியத் தன் பங்குக்கு அறிவிக்க வேண்டுமாம். சோவியத் தாக்கப்பட்டால் யார் வருவார்கள்? அதைப் பற்றிப் பேச்சில்லை.

ஒரு கொள்கை ஐந்து ஆண்டு ஓடியும் பலன் தரவில்லை என்றால் ஆளை மாற்றுவது எந்த அரசும் செய்யும் காரியம். அதிலும் மாற்றி வைத்தது ஒரு குமாஸ்தாவை இல்லை, நாட்டின் இரண்டாம் இடத்தில் இருந்தவரை. பேச்சுக்குக் கூடுதல் கனம் கொடுத்ததாகவே இதைப் பார்க்கலாம்.

பழுவூரான்:

இந்தத் தலைப்பில் எனக்கு அதிகம் தெரியாது, ஒரு சந்தேகம் மட்டும். லித்வினோவ் யூதர் என்பதால்தான் ஹிட்லரோடு பேச வசதியாக அவரை எடுத்தார்கள் என்று பள்ளியில் படித்த ஞாபகம். அது உண்மையா அண்ணா?

தில்லைவனம்:

பழுவூரான் தம்பி, பாதி உண்மை. அவர் பியாலிஸ்டோக்கில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், இயற்பெயர் வல்லாக். நாஜிப் பத்திரிகைகள் அவரை 'ஃபிங்கெல்ஸ்டைன்' என்ற யூதப் பெயரைச் சொல்லித்தான் தாக்கின. பதவியேற்றதும் ஆணையத்திலிருந்து யூதர்களை வெளியேற்றும்படி ஸ்டாலின் தன்னிடம் சொன்னதாக மொலோடோவே முதுமையில் சொல்லியிருக்கிறார். ஆனால் அது ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

நான் ஜெர்மன் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், குமரித்துறை சொன்ன விஷயம் அங்கேதான் பளிச்சென்று தெரிகிறது.

ஜெர்மன் தூதர் ஷுலன்பர்க் அப்போது மாஸ்கோவிலேயே இல்லை, ஈரான் பட்டத்து இளவரசர் திருமணத்துக்குப் போயிருந்தார். தூதரகத்தைக் கவனித்த டிப்பல்ஸ்கிர்ஷ் உடனே தந்தி அடித்தார்: பெரிய ஆச்சரியம், லித்வினோவ் நேற்றுவரை பிரிட்டிஷ் தூதரோடு பேச்சில் இருந்தார், மே தின மேடையில் இருந்தார், இது ஸ்டாலினின் திடீர் முடிவாகவே தெரிகிறது என்று. அடுத்து மே 5. பெர்லினில் சோவியத் தூதர் மெரெகலோவ் இல்லை, ஏப்ரலில் மாஸ்கோவுக்கு அழைக்கப்பட்டவர் திரும்பவே இல்லை. அவர் இடத்தைப் பார்த்துக்கொண்ட அஸ்தகோவ், ஜெர்மன் வெளியுறவுத் துறையின் ஷ்னுர்ரெயைச் சந்திக்கிறார். பேச வந்தது செக் நாட்டு ஸ்கோடா ஆலையின் பழைய ஆர்டர்கள் பற்றி. பேச்சோடு பேச்சாக, லித்வினோவ் போனதால் ஜெர்மனியின் போக்கில் மாற்றம் இருக்குமா என்று நேராகக் கேட்காமல் சுற்றிக் கேட்டுப் பார்த்திருக்கிறார். இதை ஷ்னுர்ரெ குறித்து வைத்திருக்கிறார்.

மே 10 அன்று மாஸ்கோ தூதரகத்தின் ரஷ்ய நிபுணர் ஹில்கரை ஹிட்லர் தன் மலை வீட்டுக்கு வரவழைத்தார். முதல் கேள்வியே ஸ்டாலின் லித்வினோவை ஏன் நீக்கினார் என்பதுதான். பிரிட்டன், பிரான்சுடன் உடன்பாடு வேண்டும் என்று லித்வினோவ் நின்றார், ஸ்டாலினுக்கு அந்த இரண்டு நாடுகளும் தன்னை மாட்டிவிடப் பார்க்கின்றன என்ற சந்தேகம் என்று ஹில்கர் பதில் சொன்னார்.

கவனியுங்கள், ஒரு நாட்டின் தலைவர் எதிரி நாட்டின் பதவி மாற்றத்தைப் பற்றி விசாரிக்கத் தூதரக அதிகாரியை நேரில் கூப்பிடுகிறார். ஆகஸ்ட் 22 அன்று தன் தளபதிகளிடம் பேசும்போதும் லித்வினோவின் நீக்கம்தான் தீர்மானமானது, பீரங்கிக் குண்டுபோல வந்து சேர்ந்தது என்று ஹிட்லர் சொன்னதாக அந்தக் கூட்டத்தின் குறிப்பு ஒன்றில் இருக்கிறது.

செங்கதிர்:

தில்லைவனம் ஐயா, நீங்கள் கொடுத்தது அத்தனையும் ஹிட்லர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதற்கான சான்று. ஸ்டாலின் மே மாதத்திலேயே ஹிட்லர் பக்கம் போக முடிவெடுத்தார் என்பதற்கு அது சான்றாகாது.

பதவி மாறிய பிறகும் ஏப்ரல் 17 யோசனை அப்படியே நிற்கிறது என்றுதான் மாஸ்கோ சொன்னது. மே 14 அன்று மொலோடோவ் கொடுத்த பதிலிலும் அதே மூன்று நாட்டு ஒப்பந்தம்தான். கொள்கை மாறியிருந்தால் ஜூன், ஜூலை முழுக்க வரி வரியாக உட்கார்ந்து எதற்கு வரைவு திருத்த வேண்டும்?

குமரித்துறை:

தோழர் சொல்வது நியாயமான எதிர்வாதம். அதோடு மே 20 சந்திப்பையும் பக்கத்தில் வையுங்கள். வணிகப் பேச்சு வேண்டுமென்று வந்த ஷுலன்பர்க்கிடம், முதலில் அரசியல் அடித்தளம் வேண்டும் என்றார் மொலோடோவ். அது என்ன அடித்தளம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மே 31 அன்று உச்ச சோவியத்தில் பேசும்போது, பிரிட்டன் பிரான்சுடன் பேசுவதால் ஜெர்மனி, இத்தாலியுடனான வணிக உறவைக் கைவிட வேண்டியதில்லை என்றும் சொன்னார். கொள்கை மாறவில்லை, ஆனால் இரண்டாவது கதவு திறந்தது. லித்வினோவ் இருந்தவரை அந்தக் கதவைத் தட்டலாம் என்று பெர்லினில் யாருக்கும் தைரியம் வந்திருக்காது.

மணிமேகலை:

எல்லோரும் தலைநகரங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தக் கட்டடத்துக்குள் என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை, எனக்கு அதுதான் வேதனையான பகுதி.

லித்வினோவை மாற்றினார்கள் என்று நாம் எளிதாக எழுதுகிறோம். பாதுகாப்புப் படை வெளியுறவு ஆணையத்தைச் சுற்றி வளைத்தது. மொலோடோவ், உளவுத்துறைத் தலைவர் பெரியா, கட்சித் தலைமையைச் சேர்ந்த மாலென்கோவ் மூவரும் வந்தார்கள். உளவுத்துறையிலிருந்து தெக்கனோசோவ் துணை ஆணையராக வந்து உட்கார்ந்தார். வெளிநாட்டுத் தூதர்களாக இருந்தவர்களுக்கு ஸ்டாலின் கையெழுத்தில் தந்தி போனது: லித்வினோவ் மக்கள் ஆணையர் மன்றத்திடம் விசுவாசமாக நடந்துகொள்ளவில்லை, அவருக்கும் மொலோடோவுக்கும் கடும் மோதல், அதனால் விலகினார் என்று. வெளியே சொந்த வேண்டுகோள், உள்ளே விசுவாசக் குறைவு.

ஆணையத்தின் பத்திரிகைப் பிரிவுத் தலைவர் எவ்கேனி க்னேதினை ஒரு வாரத்தில் கைது செய்தார்கள். லித்வினோவுக்கு எதிராக வாக்குமூலம் கொடு என்று பெரியாவின் அறையிலேயே வைத்து அடித்தார்கள். அவர் கொடுக்கவில்லை. பல ஆண்டு முகாமிலும் நாடுகடத்தலிலும் கழித்துப் பிழைத்து வந்தார். இந்த மனிதரைப் பற்றி இந்த மன்றத்தில் யாராவது தனி இழையே தொடங்கலாம்.

இதற்கு முன்பே அந்த இடம் காலியாகிக்கொண்டுதான் இருந்தது. லித்வினோவின் துணையாக இருந்த கிரெஸ்தின்ஸ்கியை 1938 மார்ச்சில் சுட்டுக் கொன்றார்கள். முன்பு துணை ஆணையராக இருந்த கரகானை அதற்கு முந்தைய ஆண்டு. 1939 ஜனவரியில் லித்வினோவே ஸ்டாலினுக்கு எழுதிய கடிதத்தில், வாஷிங்டன், டோக்கியோ, வார்சா, புக்கரெஸ்ட் உட்பட ஒன்பது தலைநகரங்களில் தூதரே இல்லை என்று முறையிட்டிருக்கிறார். மே மாதம் மிச்சமிருந்ததையும் கலைத்தார்கள்.

நான் தொழிற்சங்கத்தில் ஊதியப் பேச்சுவார்த்தைக்குப் பல தடவை உட்கார்ந்தவள். நிர்வாகத் தரப்பு ஆளை நடுவில் மாற்றினால், புது ஆள் எவ்வளவு பெரிய பதவிக்காரராக இருந்தாலும், முன்பு எழுதாமல் ஒத்துக்கொண்ட சின்னச் சின்ன விஷயங்கள் எல்லாம் அன்றோடு போய்விடும். எதிர்த் தரப்பில் யார் எதைச் சொன்னால் எது பொருள் என்று தெரிந்த ஆள் போனபின் தாளில் உள்ள எழுத்து மட்டும்தான் மிச்சம். அதனால் செங்கதிர் சொன்ன கூடுதல் கனம் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

லித்வினோவ் லண்டனில் பத்து ஆண்டு வாழ்ந்தவர். மனைவி ஐவி ஆங்கிலேயர். சீட்ஸோடு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசக்கூடியவர். மொலோடோவோடு நடந்த பேச்சில் துணை ஆணையர் பொதெம்கினே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. மொலோடோவ் உயரமான மேடைபோன்ற இடத்தில் தன் மேசைக்குப் பின்னால் இருப்பார், தூதர்கள் கீழே அரைவட்டமாக உட்கார்ந்து மடியில் தாளை வைத்துக் குறிப்பெடுக்க வேண்டும். ஆட்சேபத்துக்கு விளக்கம் கேட்டால் அதே வாக்கியம் திரும்ப வரும். அந்தச் சூழலில் யார் ஒரு அங்குலம் விட்டுக்கொடுப்பார்கள்?

செங்கதிர்:

மேகலை அக்கா, க்னேதின் விஷயத்தில் உங்களோடு எனக்கு மாறுபாடு இல்லை. அது கொடுமை, அதற்கு எந்த அரசியல் நியாயமும் கிடையாது.

ஆனால் பேச்சு முறிந்ததற்கு மொலோடோவின் மேசை காரணமில்லை. பால்டிக் நாடுகளுக்கு அவை கேட்காமலே உத்தரவாதம் தருவதா, மறைமுக ஆக்கிரமிப்பு என்றால் என்ன, ராணுவ உடன்பாடும் அரசியல் உடன்பாடும் ஒரே நேரத்தில் கையெழுத்தாக வேண்டுமா, இவைதான் சிக்கல்கள். லித்வினோவ் இருந்தாலும் ஸ்டாலின் இதே கேள்விகளைத்தான் கேட்க வைத்திருப்பார்.

பழுவூரான்:

ஒரு நடைமுறைக் கேள்வி. நம் நாட்டில் 2015 ஜனவரியில் ஒபாமா குடியரசு தினத்துக்கு வந்து போன மறுநாள்தான் வெளியுறவுச் செயலர் சுஜாதா சிங்கின் பதவிக்காலத்தைக் குறைத்து, வாஷிங்டனில் தூதராக இருந்த ஜெய்சங்கரைக் கொண்டுவந்தார்கள். அதுவும் பெரிய சர்ச்சை ஆனது. ஆனால் விருந்தாளி போகும்வரை காத்திருந்தார்கள் இல்லையா? ஸ்டாலினுக்கு மே 8 பதில் வரும்வரை ஐந்து நாள் பொறுக்க முடியாதா?

மணிமேகலை:

நல்ல ஒப்பீடு தம்பி, ஆனால் இரண்டும் ஒரே எடை இல்லை. அங்கே வருகை முடிந்திருந்தது, பேசியதெல்லாம் பதிவாகியிருந்தது, புதிதாக வந்தவர் அதே வருகைக்கு எதிர்முனையில் உழைத்தவர். தொடர்ச்சி அறுபடவில்லை. உங்கள் ஐந்து நாள் கேள்விக்கு என் ஊகம்: ஸ்டாலின் பதிலை எதிர்பார்த்துக் காத்திருக்கவே இல்லை. ஏப்ரல் கடைசியில் லண்டனில் சோவியத் தூதராக இருந்த மைஸ்கியையும் மெரெகலோவையும் கிரெம்ளினுக்கு வரவழைத்து விசாரித்தபோதே லித்வினோவுக்கும் மொலோடோவுக்கும் நடுவிலான விரிசல் அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

குமரித்துறை:

செங்கதிர் தோழரின் கடைசிப் பதிவுக்கு வருகிறேன். சிக்கல்கள் நிஜமானவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பேச்சில் சிக்கல் இருப்பது எப்போதும் உள்ளதுதான். அதைத் தீர்க்க இரு தரப்பும் எந்த மட்டத்து ஆளை, எவ்வளவு அவசரமாக அனுப்புகின்றன என்பதில்தான் அக்கறை தெரியும். இந்த இடத்தில் நான் லண்டன்மீது கோபமாகவே இருக்கிறேன்.

எதிர்த் தரப்பில் லித்வினோவ் என்ற நட்பான முகம் போய், பிரதமரே வந்து உட்கார்ந்துவிட்டார். அப்படியானால் உன் பக்கமும் ஒரு பெரிய ஆள் போக வேண்டாமா? வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் வந்தால் நல்லது என்று மைஸ்கி ஜூனில் குறிப்புக் காட்டினார். ஹாலிஃபாக்ஸ் போகவில்லை. முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஈடன் தானே போகிறேன் என்று முன்வந்தார். சேம்பர்லேன் வேண்டாம் என்றார். அனுப்பியது வில்லியம் ஸ்ட்ராங்கை. திறமையான மனிதர், மாஸ்கோவில் முன்பு பணி செய்தவர், அவரைக் குறைசொல்ல எதுவும் இல்லை. ஆனால் வெளியுறவு அலுவலகத்தில் ஒரு பிரிவின் தலைவர். ஜூன் 14 அன்று போய்ச் சேர்ந்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஸ்டாலினுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர்.

அப்புறம் ராணுவக் குழு. பிரிட்டனின் அட்மிரல் ட்ராக்ஸும் பிரான்சின் ஜெனரல் டூமெங்க்கும் ஆகஸ்ட் 5 அன்று 'சிட்டி ஆஃப் எக்ஸெட்டர்' என்ற மெதுவான கப்பலில் கிளம்பி, லெனின்கிராட் வழியாக மாஸ்கோ போய்ச் சேர ஆகஸ்ட் 11. முதல் நாள் கூட்டத்தில் சோவியத் பாதுகாப்பு மக்கள் ஆணையர் வோரோஷிலோவ் அதிகாரப் பத்திரம் கேட்டார். ட்ராக்ஸிடம் கையெழுத்துப் போட எழுத்து மூலமான அதிகாரமே இல்லை. ஆகஸ்ட் 14 அன்று வோரோஷிலோவ் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: செம்படை போலந்து, ருமேனியா வழியாகப் போக அனுமதி உண்டா? அதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. வார்சா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

அதே நாட்களில் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்டிராப் தானே நேரில் மாஸ்கோ வருகிறேன் என்கிறார். ஆகஸ்ட் 20 அன்று ஹிட்லர் ஸ்டாலினுக்கே தந்தி அனுப்புகிறார். 23 அன்று ரிப்பன்டிராப் விமானத்தில் வந்து இறங்குகிறார், அன்றிரவே ஜெர்மனி, சோவியத் இடையே ஆக்கிரமிப்பின்மை ஒப்பந்தத்தில் கையெழுத்து. ஒன்பது நாள் கழித்து போலந்தின்மேல் குண்டு விழுந்தது.

தில்லைவனம்:

ஒரு சின்ன சேர்க்கை. மே 5 அன்று சுற்றிக் கேட்டுப் பார்த்த அஸ்தகோவை நினைவிருக்கிறதா? தூதர் இல்லாத பெர்லின் தூதரகத்தில் அந்தக் கோடைக்காலம் முழுக்க ஜெர்மனியோடு பேச்சை நகர்த்தியவர் அவர். 1940இல் அவரையும் கைது செய்தார்கள். 1942இல் முகாமில் இறந்தார். ஒப்பந்தத்துக்கு எதிராக நின்ற லித்வினோவ் பிழைத்தார், ஒப்பந்தத்துக்கு வழி போட்ட அஸ்தகோவ் பிழைக்கவில்லை.

பழுவூரான்:

லித்வினோவ் அப்புறம் என்ன ஆனார்?

குமரித்துறை:

வீட்டோடு இருந்தார். 1941 பிப்ரவரியில் மத்தியக் குழுவிலிருந்தும் எடுத்தார்கள். ஜூன் 22 அன்று ஹிட்லர் சோவியத்துக்குள் புகுந்ததும் அவர் மறுபடி தேவைப்பட்டார். அமெரிக்காவுக்குத் தூதராக நியமித்தார்கள். வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது 1941 டிசம்பர் 7, பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட அதே நாள். 1951 கடைசி நாளில் மாஸ்கோவில் இறந்தார், படுக்கையில்.

இதில் நம் தலைப்புக்கு நேராக வரும் இன்னொரு கட்டம் உண்டு. 1943இல் கூட்டணி மறுபடி உரசலில் இருந்தது. பிரான்சில் இரண்டாவது போர்முனை அந்த ஆண்டும் கிடையாது என்று ஜூனில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் தெரிவித்தார்கள். அந்த ஆண்டே ஸ்டாலின் வாஷிங்டனிலிருந்து லித்வினோவையும் லண்டனிலிருந்து மைஸ்கியையும் எடுத்துவிட்டு, அதிகம் பெயர் தெரியாத குரோமிகோவையும் குசெவையும் போட்டார். மேற்கு நாடுகளில் மிக நன்றாக அறியப்பட்ட இரண்டு சோவியத் முகங்கள் ஒரே கோடையில் காணாமல் போயின. ஸ்டாலின் தனியாகச் சமாதானம் பேசிவிடுவாரோ என்ற பயம் இரண்டு தலைநகரங்களிலும் அப்போது இருந்தது.

செங்கதிர் தோழர், உங்களிடம் ஒரு கேள்வி கேட்டு நிறுத்துகிறேன். அந்த அக்டோபரில் மாஸ்கோ மாநாட்டுக்கு இவர்கள் ஒரு பிரிவுத் தலைவரை அனுப்பவில்லை. லண்டனிலிருந்து வெளியுறவு அமைச்சராக ஈடனே போனார், நான்கு ஆண்டுக்கு முன் போக வேண்டாம் என்று தடுக்கப்பட்ட அதே ஈடன். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கார்டெல் ஹல், உடல்நலம் சரியில்லாத 72 வயதில், அவ்வளவு தூரம் பயணம் செய்து வந்தார். எதிரே உட்கார்ந்திருந்தது அதே மொலோடோவ்தான், மொழிபெயர்ப்பாளரோடு. பேச்சு நடந்தது, அடுத்த மாதம் தெஹ்ரானில் தலைவர்கள் மூவரும் சந்தித்தார்கள். 1939 ஜூனில் ஈடனை அனுப்பியிருந்தால் சிக்கல்கள் தீர்ந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாற்றம் நடந்த மே மாதத்திலேயே அனுப்பியிருந்தால் ஸ்டாலின் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?